துரை என்றொரு சொல்

ஜப்பானிய மொழியில் ‘கிசாமா’ என்பது முன்னாளில் மரியாதையாக விளிக்கும் சொல். இன்று அது வசை. அதை அறிந்தபோது எனக்கு நமது மலையகத்தின் ‘துரை’தான் நினைவுக்கு வந்தது.

1867இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் வெள்ளைக்கார நிர்வாகி ‘பெரிய துரை’, உதவியாளர் ‘சின்னத்துரை’. அவர்கள் முன் தலைகுனிந்து சொன்ன அதே சொல்லை, லயத்துக்குள் பிந்தி எழும்பும் மகனிடம் தாய் வேறு விதமாகச் சொல்வாள்: “தொரைக்கு இப்பத்தான் விடிஞ்சிச்சோ?” இலக்கணம் இதை வஞ்சப்புகழ்ச்சி என்கிறது. ஹற்றன் கடைத்தெருவில் நம்மவர்கள் பெற்ற ‘முதலாளி’ப் பட்டமும் இத்தகையதே. கடன் கேட்கையில் ஒரு தொனி. விலை கூடினால் இன்னொன்று.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நேரே எதிர்த்துப் பேச இயலாதவர்களுக்குத் தொனியே எதிர்ப்பாயிற்று. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. வெள்ளைக்காரர் போனார்கள், துரை போகவில்லை.

துரைமார் எழுதிவைத்த ஏடுகளில் ‘துரை’ வெறும் மரியாதைச் சொல்லாகவே நிற்கிறது. தொனி ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டை மட்டும் நம்பி எழுதப்படும் மலையக வரலாறு, அடிமைத்தனத்தை மாத்திரமே காணும். அந்தச் சிரிப்பைத் தவறவிடும். லயத்து முதியவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவைப்பது நம் கடமை.