பந்தயக் குவாட்

பந்தயக் குவாட் அல்லது விளையாட்டுக் குவாட் என்பது சாலையற்ற நிலத்தில் விரைந்து செல்வதற்கென வடிவமைக்கப்பட்ட, ஒருவர் மட்டும் ஏறி ஓட்டும் நாற்சக்கர விசையுந்து ஆகும். ஓட்டுநர் இருக்கையின் இருபுறமும் கால்களை இட்டு அமர்ந்து, கைப்பிடித் தண்டைக் கொண்டு இதனைத் திருப்புகின்றார். பண்ணை வேலைக்குப் பயன்படும் குவாட்டுகள் எடை மிகுந்தவை. அவற்றுள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். பந்தயக் குவாட்டில் பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே, சங்கிலி வழியாக, விசை செல்கின்றது.

எல்லா நிலத்துக்கும் பொருந்தும் பந்தயக் குவாட் என ஒன்று இல்லை. தாவுதடத்தில் வண்டியை நிலைநிறுத்தும் அகலம், மரங்கள் நெருங்கிய காட்டில் இடையூறாகின்றது. மணலில் வண்டியை முன்செலுத்தும் டயர், கெட்டித் தரையில் பிடிப்பை இழக்கின்றது. ஆகவே இவ்வண்டிகளை ஒப்பிடும்போது எந்திரத்தின் திறனுக்கு முன்னதாக, ஓடப்போகும் நிலத்தைக் கருத வேண்டும். இத்தேர்வு வேகத்தை மட்டுமன்றி ஓட்டுநரின் உயிர்ப் பாதுகாப்பையும் சார்ந்தது.

பொது அமைப்பு

முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி அதிர்வுத் தாங்கியுடன் தனித்து மேலும் கீழும் அசையும். பெரும்பாலான பந்தயக் குவாட்டுகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே திண்ம அச்சில் பிணைக்கப்பட்டிருக்கும். வலக்கைப் பெருவிரலால் அழுத்தும் நெம்புகோலே முடுக்கியாகும். டயர்களில் காற்றழுத்தம் மிகக் குறைவு. சதுர அங்குலத்துக்கு 4 முதல் 5 பவுண்டு அளவே பொதுவாக இருக்கும். இதனால் டயர் தரையின் மேடுபள்ளங்களுக்கேற்ப நெகிழ்ந்து பிடிப்பைத் தருகின்றது.

வளைவில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு செல்ல வேண்டும். மகிழுந்துகளில் இவ்வேறுபாட்டை ஈடுசெய்யப் பல்சக்கரத் தொகுதி ஒன்று உண்டு. திண்ம அச்சுள்ள குவாட்டில் அது இல்லாமையால் இரு பின்சக்கரங்களும் ஒரே வேகத்திலேயே சுழல்கின்றன. ஏதேனும் ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். மண்ணிலும் மணலிலும் இவ்வழுக்கல் எளிதாக நிகழ்வதால் வண்டி வளைந்து செல்கின்றது. தார்ச்சாலையில் டயர் எளிதில் வழுக்காது. அதனால் வண்டி திரும்ப மறுத்து நேராகச் செல்ல முற்படும். பின்னர் திடீரெனக் கவிழவும் கூடும். குவாட்டுகளைத் தார்ச்சாலையில் ஓட்ட வேண்டாம் எனத் தயாரிப்பாளர்கள் எச்சரிப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

கவிழாமை சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தையும் பொறுத்தது. ஏறத்தாழ 180 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் 75 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அமர்ந்தால், மொத்த எடையில் சுமார் 30 விழுக்காடு அவருடையதே. எனவே வளைவில் உட்புறமாகச் சாய்வதும், ஏற்றத்தில் முன்னோக்கி நகர்வதும் வண்டியின் சமநிலையைப் பெரிதும் மாற்றுகின்றன.

வரலாறு

ஹோண்டா நிறுவனம் 1970இல் மூன்று சக்கர வண்டியை அமெரிக்கச் சந்தையில் அறிமுகப்படுத்தியது. 1985இல் வெளிவந்த சுசூகி எல்.டி.250ஆர், விரைவோட்டத்துக்கென அமைந்த தொடக்ககால நாற்சக்கர வண்டிகளுள் குறிப்பிடத்தக்கது. 1986இல் ஹோண்டா டி.ஆர்.எக்ஸ்.250ஆர் வெளிவந்தது. 1987இல் கவாசாகி டெக்காட்டே-4, யமஹா பான்ஷீ ஆகியவை தொடர்ந்தன. இவை யாவும் இருவீச்சு எந்திரம் கொண்டவை.

மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்ந்தமையால் உயிரிழப்புகள் பெருகின. 1988இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் தயாரிப்பாளர்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அந்நாட்டில் நிறுத்தப்பட்டது. நாற்சக்கர வண்டிகளுக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளும் பயிற்சியும் கட்டாயமாயின. அதன் பின்னர்ப் பந்தய வண்டிகளின் வரவு குறைந்தது, டி.ஆர்.எக்ஸ்.250ஆர் 1989உடனும், எல்.டி.250ஆர் 1992உடனும் நின்றன.

1999இல் நான்குவீச்சு எந்திரத்துடன் வந்த ஹோண்டா 400இ.எக்ஸ் இத்துறைக்கு மீண்டும் உயிரூட்டியது. 2004ஆம் ஆண்டுக்கான யமஹா வை.எஃப்.இசட்.450, பந்தயத் தடத்துக்கு ஏற்ற 450 வகுப்பைத் தொடங்கி வைத்தது. ஹோண்டா, சுசூகி, கவாசாகி ஆகிய நிறுவனங்களும் இவ்வகுப்பில் போட்டியிட்டன. எனினும் 2010களின் நடுப்பகுதிக்குள் அவை மூன்றும் தம் 450 வண்டிகளைக் கைவிட்டன.

நிலத்திற்கேற்ற ஒப்பீடு

மோட்டோகிராஸ் தடம்: மண் குன்றுகளும் இறுகிய வளைவுகளும் கொண்ட இத்தடத்தில் வண்டி பல மீட்டர் தொலைவு தாவி இறங்குகின்றது. இறங்கும்போது கவிழாதிருக்க அகலமும், அதிர்ச்சியை ஏற்க நீண்ட அதிர்வுத் தாங்கிகளும் தேவை. சுமார் 124 சென்டிமீட்டர் அகலமுள்ள யமஹா வை.எஃப்.இசட்.450ஆர் இத்தகையது. பந்தய ஓட்டுநர்கள் இதனை 127 சென்டிமீட்டர் வரை அகலப்படுத்துவதுண்டு. வண்டி காற்றில் இருக்கும்போது முடுக்கியை அழுத்தினால் முன்பகுதி உயரும். பின்தடையை அழுத்தினால் முன்பகுதி தாழும். சுழலும் சக்கரங்களின் உந்தமே இதற்குக் காரணம்.

காட்டு வழி: அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நடைபெறும் காட்டுப் பந்தயங்கள் சுமார் இரண்டு மணி நேரம் நீடிக்கும். வேர்களும் கற்களும் சேறும் நிறைந்த வழியில் மரங்களுக்கிடையே புகுந்து செல்வதற்கு 117 சென்டிமீட்டர் அளவிலான அகலமே உகந்தது. இங்கு உச்சத் திறனைவிடத் தாழ்ந்த சுழற்சியிலும் அணைந்துபோகாத எந்திரம் பயன் தரும். கைக்காப்பு, அடித்தகடு ஆகியவை பொருத்தப்படுகின்றன. பின்னோக்கிச் செல்லும் கியர் கொண்ட கவாசாகி கே.எஃப்.எக்ஸ்.450ஆர் போன்ற வண்டி, மரத்தில் முட்டி நின்றால் ஓட்டுநர் இறங்காமலே மீள உதவும்.

மணற்குன்று: கலிபோர்னியாவின் இம்பீரியல் மணற்குன்றுகள் இவ்வகை ஓட்டத்துக்குப் பெயர் பெற்றவை. மணல் சக்கரத்தை இழுத்து வேகத்தைக் குறைப்பதால் தொடர்ந்து மிகுந்த திறன் தேவைப்படுகின்றது. பின்புறத்தில் குறுக்குப் பட்டைகள் கொண்ட துடுப்பு டயர்களும், முன்புறத்தில் நடுவே ஒரு விளிம்பு மட்டுமுள்ள வழவழப்பான டயர்களும் பொருத்தப்படும். 347 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் இரு உருளைகளும் கொண்ட யமஹா பான்ஷீ, எடை குறைந்தும் உயர்சுழற்சியில் திறன் மிகுந்தும் இருந்தமையால் மணல் ஓட்டுநர்களின் விருப்பத்துக்குரியதாயிற்று. குன்றின் மறுபுறம் செங்குத்தாக இறங்கக் கூடும். அங்கே வேறொரு வண்டி வந்துகொண்டிருக்கவும் கூடும். ஆகவே உயரமான கம்பத்தில் கொடி கட்டி ஓட்டுவது விதியாகும்.

பாலைவன நெடுந்தொலைவு: டக்கார் போட்டியில் குவாட்டுகளுக்கு 2009 முதல் தனிப்பிரிவு இருந்தது. அர்ஜென்டினாவின் மார்கோஸ் பத்ரோனெல்லி 2010, 2013, 2016 ஆகிய ஆண்டுகளிலும், அவர் உடன்பிறந்தார் அலெஹாந்த்ரோ 2011, 2012 ஆகிய ஆண்டுகளிலும் வென்றனர். இங்கு யமஹா ராப்டர் 700 பெரிதும் பயன்படுத்தப்பட்டது. 686 கன சென்டிமீட்டர் கொண்ட அதன் ஒற்றை உருளை எந்திரம் தாழ்சுழற்சியிலேயே நல்ல விசையைத் தருவதால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை, களைப்பும் குறைகின்றது. அதன் தொட்டி சுமார் 11 லிட்டரே கொள்ளுமாதலால் கூடுதல் தொட்டிகள் பொருத்தப்பட்டன. 2025ஆம் ஆண்டுப் போட்டியில் இப்பிரிவு இடம்பெறவில்லை.

ஒப்பீட்டுச் சுருக்கம்

• மோட்டோகிராஸ் தடம்: மிகுந்த அகலம், நீண்ட அதிர்வுத் தாங்கி, விரைந்து முடுகும் 450 எந்திரம்.
• காட்டு வழி: குறைந்த அகலம், தாழ்சுழற்சி விசை, அடிப்பகுதிக் காப்பு.
• மணற்குன்று: மிகுந்த திறன், துடுப்பு டயர், நுண்மணலைத் தடுக்கும் காற்று வடிகட்டி.
• பாலைவன நெடுந்தொலைவு: பெரிய எந்திரம், கூடுதல் எரிபொருள், கைப்பிடியின் அதிர்வைத் தணிக்கும் கருவி.

பாதுகாப்பு

இருக்கை நீளமாக இருப்பினும் பந்தயக் குவாட்டில் இரண்டாமவர் ஏறுதல் கூடாது. அந்நீளம் ஓட்டுநர் முன்பின் நகர்வதற்காகவே அமைந்தது. பின்னால் ஒருவர் அமர்ந்தால் அந்நகர்வு தடைப்படும், வண்டி பின்புறமாகக் கவிழும் வாய்ப்பும் மிகும். 90 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வண்டிகள் 16 வயதுக்குட்பட்டோருக்கு ஏற்றவையல்ல என 1988 உடன்பாட்டின் வழி வரையறுக்கப்பட்டது. தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, கணுக்கால் மூடும் காலணி ஆகியவை இன்றியமையாதவை. பந்தயங்களில் ஓட்டுநரின் மணிக்கட்டுடன் ஒரு கயிறு இணைக்கப்பட்டிருக்கும்; அவர் தூக்கி எறியப்பட்டால் அது பிரிந்து எந்திரத்தை அணைத்துவிடும்.

ஒரு நிலத்துக்கென மாற்றியமைத்த வண்டியை வேறு நிலத்தில் ஓட்டுவதற்கு முன் டயர், காற்றழுத்தம், அகலம், அதிர்வுத் தாங்கியின் இறுக்கம் ஆகிய நான்கையும் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.