லண்டன் கண்ட மூலிகைக் கசாயம்

மூலிகை மருத்துவத்தை ஆராயாமலே போற்றுவோர் உளர்; ஆராயாமலே இகழ்வோரும் உளர். இருசாராரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்று லண்டன் மாநகரில் தொடங்கியது.

கரப்பான் என்று நம்மவர் வழங்கும் எக்ஸிமா, தோலை வறளச் செய்து, சிவக்கச் செய்து, அரிப்பினால் உறக்கத்தைக் கெடுக்கும் நோயாகும். கிரேட் ஆர்மண்ட் ஸ்திரீட் சிறுவர் மருத்துவமனையின் தோல் மருத்துவர் டேவிட் ஆதர்ட்டன், களிம்புகளால் குணமடையாத குழந்தைகள் சிலர் சீன மருத்துவர் ஒருவர் அளித்த கசாயத்தால் நலமுற்றிருப்பதைக் கண்டார். கண்டதைச் சோதித்தறிய அவர் முனைந்தார்.

கசாயத்தில் பத்து மூலிகைகள் இருந்தன. நாம் நன்கறிந்த நெருஞ்சிலும் அதிமதுரமும் அவற்றுள் அடங்கும். இந்நோய்க்குப் பயன்படாத தாவரங்களைக் கொண்டு, அதனைப் போன்றே தோற்றமும் சுவையும் உடைய போலிக் கசாயமும் ஆயத்தமாயிற்று. நோயாளர் எட்டு வாரம் ஒன்றையும், இடைவெளிக்குப்பின் எட்டு வாரம் மற்றொன்றையும் அருந்தினர். எது மெய், எது போலி என்பதை அவர்கள் அறியார். 1992இல் முடிவுகள் வெளிவந்தன. சோதனையை நிறைவு செய்த 37 குழந்தைகளிடத்தும் 31 பெரியவர்களிடத்தும் மெய்க்கசாயமே மேம்பட்டு நின்றது.

ஆயினும், 1999ஆம் ஆண்டு மூன்று எச்சரிக்கைகளைக் கொணர்ந்தது. ஹாங்காங்கில் நிகழ்ந்த சோதனையில் அம்மேன்மை புலப்படவில்லை. பிரிட்டனில் நோயாளர் பயன்படுத்திய 11 சீன மூலிகைக் களிம்புகளை ஆய்ந்தபோது, எட்டில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து மறைந்திருந்தது. மூன்றாவது செய்தி மிகக் கொடிது. எக்ஸிமாவுக்கென வேறு சீன மூலிகைகளை ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட இருவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அம்மூலிகைகளில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலமே காரணம் எனத் தெரிந்தது. நம் ஆடுதின்னாப்பாளையும் அந்நஞ்சுடைய இனத்தைச் சார்ந்ததே. பிரிட்டன் அவ்வாண்டே அவ்வினத்தை மருந்தில் சேர்ப்பதைத் தடைசெய்தது. பின்னர் 2013இல் ஆய்வுகள் பலவற்றையும் தொகுத்து நோக்கிய காக்ரேன் மதிப்புரை, எக்ஸிமாவுக்குச் சீன மூலிகைகள் பயன்தரும் என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை என்று முடிவுகூறிற்று.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றனர் நம் முன்னோர். இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. நம் சித்த மருத்துவ நூல்களும் கரப்பானுக்கு மருந்துகள் பல கூறுகின்றன. அவற்றை ஏட்டிலேயே வைத்துப் பெருமை பேசுவதினும், ஆதர்ட்டனைப் போல் சோதனைக்கு உட்படுத்தி, வந்த முடிவை ஏற்றுக்கொள்வதே அவற்றை எழுதியோர்க்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பாகும். மாணவர்க்கு நாம் ஊட்டவேண்டிய மனப்பான்மையும் இதுவே.