படைவீரர் இல்லமும் தகுதி என்னும் வாயிலும்

போரில் மாண்டவனைப் போற்றும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. ஊரைக் காத்து வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்தனர். அவன் குடும்பத்தார்க்கு ‘உதிரப்பட்டி’ என்று நிலம் விட்டனர். இவற்றைக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. ஆனால் மாளாமல் மீண்டவனின் கதை வேறு. கையோ காலோ இழந்தோ, மூப்பினால் தளர்ந்தோ வந்து நிற்கும் வீரனை யார் காப்பது, எவ்வளவு காலம் காப்பது? உயிரோடிருப்பவன் நாள்தோறும் உண்ண வேண்டும்; நோயுற்றால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்ட வரலாற்றில், ‘இவன் தகுதியுடையவனா?’ என்ற கேள்வி எவ்வாறு மாறி வந்தது என்பதைச் சிறிது காண்போம்.

முதலிற் பிரான்சு தேசத்துக்குச் செல்வோம். அங்கே தளர்ந்த வீரர்களை மடாலயங்களுக்கு அனுப்பி, துறவியரின் ஆதரவில் வாழச் செய்வது பழைய வழக்கம். துறவியர்க்கும் வீரர்க்கும் ஒத்துவரவில்லை. பலர் பாரிஸ் வீதிகளிற் பிச்சையெடுத்துத் திரிந்தனர். ஆதலின் பதினான்காம் லூயி மன்னர் 1670-இல் ‘இன்வாலீட்’ என்னும் பெரும் இல்லத்தைக் கட்ட ஆணையிட்டார். 1674-இல் முதல் வீரர்கள் அங்கே குடிபுகுந்தனர். நடக்கக்கூடியவர்க்குக் காவற்பணி, கைத்திறன் உடையவர்க்குச் செருப்புத் தைக்கவும் திரைச்சீலை நெய்யவும் தொழிற்கூடம், நோயாளிக்கு மருத்துவமனை. ஆயினும் அந்த வாயிலில் நுழையப் பல ஆண்டுப் படைப்பணி வேண்டும். கத்தோலிக்க சமயத்தவனாகவும் இருத்தல் வேண்டும். காயம் ஒன்றே போதுமானதாக இருக்கவில்லை.

இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னர் 1682-இல் செல்ஸி இல்லத்தை நிறுவினார். 1692-இல் அது திறக்கப்பட்டது. விரைவிலேயே இடம் போதவில்லை. இல்லத்தில் வாழ்வோர் ‘உள் ஓய்வூதியர்’ என்றும், உதவித்தொகை பெற்று வெளியே வாழ்வோர் ‘வெளி ஓய்வூதியர்’ என்றும் இரு வகையாயினர். உள்ளே வருபவர் தம் ஓய்வூதியத்தை இல்லத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. பெண்கள் அவ்வில்லத்தில் இடம் பெற 2009 வரை காத்திருக்க நேர்ந்தது.

கும்பினியார் நம் நாட்டில் வேறு வழியைக் கையாண்டனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பீகாரில் பாகல்பூரை அடுத்த பகுதிகளில், தளர்ந்த சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தினர். பராமரிப்பு அரசின் கையிலிருந்து நிலத்தின் கைக்கு மாறிற்று.

தகுதி பற்றிய கேள்வி மிகத் தெளிவாக மாறியதை அமெரிக்க வரலாற்றிற் காண்கிறோம். உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865 மார்ச்சு 3-ஆம் நாள், ஊனமுற்ற தொண்டர்படை வீரர்க்கான தேசிய இல்லத்தை அமைக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். மறுவருடம் மெய்ன் மாநிலத்தில் டோகஸ் என்னும் ஊரில் முதல் இல்லம் தொடங்கிற்று. முதலில் அதற்குப் பெயர் ‘அசைலம்’. அனாதை விடுதி என்ற மணம் அச்சொல்லில் வீசியதாற் போலும், 1873-இல் அதை ‘ஹோம்’ என்று மாற்றினர்.

தொடக்கத்தில், வடபுலத்துப் படையில் இருந்து, போரினாலேயே ஊனமுற்றவர்க்குத்தான் அங்கே இடம். தென்புலத்து வீரர்க்கு இடமில்லை. அவர்களுக்குத் தென்மாநிலங்கள் தனியே இல்லங்கள் கட்டின. கருப்பின வீரர்க்கு அனுமதி உண்டு. ஆனால் தங்குமிடம் பிரிக்கப்பட்டது. ஆண்டுகள் சென்றன. போரிற் காயமின்றி மீண்ட இளைஞர்களும் முதியவராயினர். வாதத்தாலும் பார்வைக் குறையாலும் உழைக்க இயலாதவராயினர். இவர்களுடைய தளர்ச்சி போரினால் வந்ததா, மூப்பினால் வந்ததா? 1884-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் இக்கேள்வியையே ஒதுக்கிற்று. மூப்பாலும் பிணியாலும் உழைக்க இயலாத, பிழைக்க வழியற்ற வீரரும் தகுதியுடையவரே என்று விதித்தது. இச்சிறு திருத்தத்தால் காயத்துக்கு ஈடாக இருந்த இல்லம் முதுமைக்குப் புகலிடமாயிற்று.

பின்னர் வாயில் முழுமையாகத் திறந்தே இருந்தது என்று எண்ணவேண்டா. 1999-இல் இயற்றப்பட்ட சட்டம், படைப்பணியால் நேர்ந்த ஊனம் நூற்றுக்கு எழுபது அல்லது அதற்கு மேல் உள்ளவர்க்கும், அத்தகைய ஊனத்துக்காகவே பராமரிப்பு வேண்டுவோர்க்கும் நெடுங்காலப் பராமரிப்பை அரசின் கடமையாக்கிற்று. மற்றவர்க்கு வசதிக்கேற்ப வழங்கலாம் என்றது. ‘கடமை’ என்பதற்கும் ‘வழங்கலாம்’ என்பதற்கும் இடையே எத்தனையோ முதியவர்களின் படுக்கை கிடக்கிறது.

சுதந்திர இந்தியாவில், முதுகுத்தண்டு முறிந்து செயலிழந்த வீரர்க்காகக் கிர்க்கியில் 1974-இலும், மொகாலியில் 1978-இலும் மறுவாழ்வு மையங்கள் எழுந்தன. முன்னாள் வீரர்க்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கிற்று. அதிற் சேர ஓய்வூதியம் பெறுபவராக இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. இதன் விளைவைப் பாருங்கள்: இரண்டாம் உலகப்போரில் பர்மாவிலும் இத்தாலியிலும் போரிட்டு, போர் முடிந்தவுடன் ஓய்வூதியமின்றி விடுவிக்கப்பட்டவர்கள் வெளியே நின்றனர். 2019-இல்தான் அவர்களுக்கும் வாயில் திறந்தது. அப்போது அவர்களில் மிக இளையவரும் தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தார்.

அரசாங்க விதிகளைத் தமிழாக்கும் பணியிலுள்ள நாம் அடிக்கடி எதிர்ப்படும் தொடர் ஒன்று உண்டு. ‘படைப்பணியால் விளைந்தது, அல்லது படைப்பணியால் மிகுந்தது’ என்பது அத்தொடர். ஊனத்துக்கான ஓய்வூதியம் இவ்விரண்டு சொற்களில் தங்கியிருக்கிறது. நோய் படைப்பணியால் வந்ததென்று மெய்ப்பிப்பது யார் பொறுப்பு? சேரும்போது உடலிற் குறையில்லை என்று பதிவாகியிருந்தால், பின்னர் வந்த நோய் பணியாலேயே வந்ததென்று கொள்ளவேண்டும். ஐயத்தின் பயன் வீரனுக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. ஒரு சிப்பாய் அந்நீதிமன்றம் வரை சென்று பெற்ற தீர்ப்பு அது.

மூன்றரை நூற்றாண்டு வரலாற்றில், சமயமும், பணியாண்டும், காயமும், ஓய்வூதியமும் ஒவ்வொரு காலத்தில் தகுதியின் அளவுகோலாயின. எந்த அரசுக்கும் அளவுகோல் ஒன்று வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை, பொருள் வரையறையுடையது. ஆனால் படையிற் சேர்க்கும்போது அவ்வரசு இளைஞனின் உடலை ஒரே நாளில் அளந்து முடிக்கிறது. அவன் முதியவனாகித் திரும்ப வரும்போது, ஏன் ஆண்டுக்கணக்கில் அளக்க வேண்டும்? இக்கேள்வியை நேயர்கள் சிந்தனைக்கு விடுகிறோம்.