கச்சிபௌலியில் வேனில்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். வேனிலையும் நண்பகலையும் பாலைத் திணைக்கு உரியனவாக்கினார் தொல்காப்பியர். பாலையின் ஒழுக்கமோ பிரிவு. பொருள் தேடத் தலைவன் சுரம் கடந்து செல்வான்; தலைவி நாளெண்ணி இருப்பாள். ஆகவே வேனில் என்றதும் நம் அகப்பாடல்கள் முதற்கண் நினைப்பது பிரிவையே.

பொருள்வயிற் பிரிவை நாமும் அறிவோம். ஐதராபாத்தின் மேற்கே கச்சிபௌலியில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களுட் பல பிழைப்புக் கருதி வந்தவையே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அக்காலத் தலைவன் தனியே சென்றான். இன்று கணவனும் மனைவியும் சேர்ந்தே வருகின்றனர். பள்ளிகள் மூடியதும் தாத்தாவும் பாட்டியும் ஊரிலிருந்து இரவு வண்டியில் வந்து இறங்குகின்றனர். நமக்கு வேனில் கூடும் காலம். அக்கூட்டத்தின் எளிய இன்பங்கள் யாவை, அவற்றை நமக்கு வைத்துச் சென்றோர் யாவர் என்பதை வரலாற்று வழியே சற்று நோக்குவோம்.

முதற்கண் ஊர்ப்பெயரையே காண்போம். 'பௌலி' என்பது படிக்கிணறு. 'கச்' என்பது சுண்ணச்சாந்து. சாந்து பூசிய கிணறுள்ள ஊர் என்று இதற்குப் பொருள் கூறுவர். படிக்கிணறு நீர் மொள்ளுவதற்கு மட்டும் அமைந்ததன்று. வெயில் ஏற ஏற மக்கள் படி படியாக உள்ளே இறங்கி நிழலில் இளைப்பாறவும் அது உதவிற்று. கோல்கொண்டாவின் அருகில் குதுப்சாகி அரசர்தம் கல்லறைத் தோட்டத்தில் உள்ள 'படி பௌலி' 2013இல் பெய்த மழையில் ஒரு பக்கம் இடிந்து வீழ்ந்தது. பின்னர் அதனைப் பழைய முறைப்படியே சுண்ணாம்பும் கல்லும் கொண்டு எடுத்துக் கட்டினர். கோல்கொண்டாப் படிக்கிணறுகளைப் புதுப்பித்த அப்பணிக்கு யுனெஸ்கோ 2022இல் விருது வழங்கியது.

கிணறு தோண்டிய கையே ஏரியும் கட்டியது. நகரின் நடுவே விளங்கும் உசேன் சாகர் 1560களில் இப்ராகிம் குலி குதுப்சாவின் காலத்தில் உசேன் ஷா வலி என்னும் பெரியாரின் மேற்பார்வையில் எழுந்தது. பெயர் ஏரிக்கு நிலைத்தது. அவரது அடக்கத்தலமோ நம் கச்சிபௌலிக்கு அண்மையிலேயே உள்ளது. பாறைகளுக்கிடையே மறைந்து கிடந்த துர்கம் செருவு கோல்கொண்டாக் கோட்டையினர்க்குக் குடிநீர் தந்தது. 2020இல் அதன்மேல் தொங்குபாலம் அமைந்தபின், மாலைக் காற்று வாங்க அங்குச் செல்லாத குடும்பம் இப்பகுதியில் அரிது.

இவை அனைத்தினும் நம் நெஞ்சுக்கு நெருங்கியது கண்டிப்பேட்டை. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்துப் பல்லாயிரவரைப் பலிகொண்டது. அத்துயரின்பின் விசுவேசுவரையா அழைக்கப்பெற்றார். ஆற்றின் மேற்பகுதியில் நீரைத் தேக்கி வெள்ளத்தை அடக்கவும், அதனையே நகருக்குக் குடிநீராக்கவும் அவர் வழி கூறினார். அவ்வழியில் 1920இல் உசுமான் சாகரும் 1927இல் இமாயத் சாகரும் நிறைவுற்றன. உசுமான் சாகரையே மக்கள் கண்டிப்பேட்டை என்பர். அழுகையிற் பிறந்த அவ்வேரி, பின்வந்த தலைமுறைகட்கு உலாப்போகும் இடமாயிற்று.

நம்மவர் அதன் கரையை நாடியதில் வியப்பில்லை. சித்திரைத் திங்களில் பூம்புகாரில் இந்திரவிழா நிகழ்ந்ததையும், அதன்பின் மக்கள் கடலாடச் சென்றதையும் சிலப்பதிகாரம் விரித்துரைக்கின்றது. சித்திரா பௌர்ணமியன்று கட்டுச்சோற்றுடன் ஆற்றங்கரைக்குச் சென்று நிலவொளியில் உண்பது நம் ஊர்களின் வழக்கம். குடிநீர் ஏரியாதலின் கண்டிப்பேட்டையில் நீராடுதல் தகாது. ஆயினும் கரையில் பாய் விரித்துப் புளியோதரையும், மாவடுவோடு தயிர்ச்சோறும் பகிர்ந்துண்ண யாது தடை? பாட்டி கையில் உருட்டித் தரும் சோற்றுக்குப் பேரப்பிள்ளைகள் வட்டமாய் அமர்ந்து கை நீட்டுங்கால், வையையும் பொன்னியும் தொலைவில் இருப்பதாகத் தோன்றுவதில்லை.

அண்டை வீட்டாரும் நம் வேனிலில் பங்குடையர். யுகாதிப் பச்சடியிலும் நம் புத்தாண்டுப் பச்சடியிலும் வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் ஒன்றே. நாம் நுங்கு என்பதை அவர்கள் முஞ்சலு என்பர். நம் தண்ணீர்ப்பந்தல் அவர்களுக்குச் சலிவேந்திரம். பெயர் மாறினும் தாகம் மாறுவதில்லை. அதைத் தணிக்கும் அறமும் மாறுவதில்லை. ஆவக்காய் போடும் நாளில் அடுத்த வீட்டு அம்மாள் ஒரு சாடி அனுப்புவார். நம் வீட்டு வடாம் அங்குச் செல்லும். நட்பு இவ்வாறே வேரூன்றுகிறது.

இனிப் பாறைகள். தக்காணத்தின் இக்கருங்கற்கள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையன. காஜாகுடாக் குன்றுகளில் வைகறையில் ஏறிக் கதிரெழுவதைக் காண்பது காசில்லா இன்பம். 1974இல் தோன்றிய ஐதராபாத் பல்கலைக்கழகத்துக்குக் கச்சிபௌலியில் ஏறத்தாழ 2,300 ஏக்கர் நிலம் ஒதுக்கினர். அங்குள்ள பாறைகளும் குட்டைகளும் மயிலுக்கும் மானுக்கும் உறைவிடமாயின. 1998இல் அருகே மாதாபூரில் சைபர் டவர்ஸ் திறந்தபின் மேற்குப்புறம் விரைந்து வளர்ந்தது. பகலெல்லாம் குளிரூட்டிய அறையில் உழைத்த கணவனும் மனைவியும் அந்தியில் ஒரு மரத்தடியில் அமர்ந்து பேசும் அரைநாழிகையே அவர்கட்கு அன்றைய செல்வம்.

அம்மரத்தடி என்றும் இருக்குமா என்பதே நம் கேள்வி. இரு ஏரிகளையும் சூழ்ந்த நிலத்தில் கட்டடம் எழுப்புவதை 1996இல் ஓர் அரசாணை கட்டுப்படுத்தியது. 2022இல் அக்கட்டுப்பாட்டை அரசு தளர்த்தியது. 2025இல் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கரில் இயந்திரங்கள் புகுந்து மரங்களை வீழ்த்தின. மாணவர்கள் எதிர்த்து நின்றனர். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுதலை நிறுத்துமாறு ஆணையிட்டது. வளர்ச்சி வேண்டா என்று நாம் கூறவில்லை. அவ்வளர்ச்சியை நம்பியே நாமும் இங்கு வந்தோம். ஆனால் அந்நிலத்தின் நிழலில் இளைப்பாறியோர்க்கு அதனைக் காக்கும் கடனும் உண்டன்றோ?

பாலை என்பது தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் வளங்கெட்டுத் திரிந்த நிலையே பாலை என்பது இளங்கோவடிகள் காட்டும் உண்மை. நீரும் நிழலும் ஒழியுமாயின் கச்சிபௌலியும் பாலையாகும். அன்று தாத்தாவும் பாட்டியும் வெயிலுக்கு அஞ்சி ஊரிலேயே தங்கிவிடுவர். வேனில் மீண்டும் பிரிவின் காலமாகும். அந்நிலை நேராதிருக்க, இவ்வாண்டு வாயிலில் ஒரு தண்ணீர்ப்பந்தல் வைப்போம். ஒரு மரக்கன்றேனும் நடுவோம். ஏரிக்கு ஊறு நேருங்கால் அண்டை வீட்டாரோடு சேர்ந்து குரல் கொடுப்போம். கிணற்றின் பெயர் தாங்கிய ஊரில் வாழ்வோர்க்கு இது பெருஞ்சுமையன்று.