மலம் தின்னுதல் (நாய்க்குட்டி)

நாய்க்குட்டி தன் மலத்தையோ பிற விலங்குகளின் மலத்தையோ உண்ணும் நடத்தை. ஈன்ற நாய் முதல் சில வாரங்களில் குட்டிகளின் கழிவை நக்கி அகற்றுவது தாய்மைப் பண்பு; அது இவ்வகையில் சேராது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் நாய் வளர்ப்போரிடம் வினாக்கொத்து வழி நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. ஏறத்தாழ 16 விழுக்காட்டு நாய்களிடம் இப்பழக்கம் அடிக்கடி காணப்பட்டது. பெரும்பாலும் இரண்டு நாளுக்குட்பட்ட புதிய மலமே உண்ணப்பட்டது. உணவு வகையுடன் தொடர்பு புலப்படவில்லை. மலத்திலுள்ள ஒட்டுண்ணி முட்டைகள் தொற்றும் நிலையை அடையுமுன் இருப்பிடத்தைத் தூய்மையாக்க ஓநாய் மூதாதையரிடம் தோன்றிய இயல்பின் எச்சம் இது என்பது அக்குழுவின் கருதுகோள்.

குடற்புழு, கணையச் சுரப்புக் குறை, உணவு உட்கிரகிப்புக் கோளாறு, ஸ்டீராய்டு மருந்து ஆகியவையும் காரணமாகலாம். எனவே எடை குறையும் அல்லது கழிச்சலுள்ள குட்டிக்கு மலப் பரிசோதனை முதலில் தேவை. பிற நாய்களின் மலத்தால் கொக்கிப்புழு, ஜியார்டியா, பார்வோ வைரஸ் தொற்றக்கூடும்.

தடுப்பில் உறுதியானது மலத்தை உடனே அகற்றுவதே. குட்டியை வாரில் பிடித்து வெளியே கொண்டுசென்று, கழித்தவுடன் அழைத்துத் தின்பண்டம் தருவதும், ‘விடு’ என்ற கட்டளைக்குப் பழக்குவதும் துணைபுரியும். மூக்கை மலத்தில் தேய்ப்பது பரவலான வழக்கமாயினும் பயனற்றது. அச்சத்தால் குட்டி மறைவில் கழித்து விரைந்து உண்ணக் கற்கலாம். மலத்தின் சுவையைக் கெடுப்பதாக விற்கப்படும் பொருள்களின் வெற்றி மேற்படி ஆய்வில் 2 விழுக்காட்டைத் தாண்டவில்லை.