வரைபடத்தில் இல்லாத மனிதர்: செப்டிக் டேங்கின் வரலாறு

சிற்றூரில் ஒரு சிறு வீடு கட்ட அனுமதி கோருபவர் அளிக்கும் வரைபடத்தின் ஓரத்தில் ஒரு செவ்வகம் இருக்கும். அதுவே செப்டிக் டேங்க். அதன் நீள அகலமும் கிணற்றிலிருந்து அதன் தொலைவும் அளவுகளாகக் குறிக்கப்படும். நிறைந்த பின் அதை யார் திறப்பார், எவ்வாறு அள்ளுவார் என்பதற்கு அவ்வரைபடத்தில் இடமில்லை. இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

பிரான்சின் வெசூல் நகரைச் சேர்ந்த லூயி மூரா, மூடிய தொட்டியில் மலம் தானே கரைவதைக் கண்டு 1881-இல் காப்புரிமை பெற்றார். 1890-களில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன் அம்முறையை மேம்படுத்தி, ‘செப்டிக் டேங்க்’ என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அது இந்தியாவை எட்டியது. பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-இல் தொட்டியின் வாயுவைச் சேகரித்து எரிபொருளாக்கினர். அதே வாயுக்கள் பின்னாளில் மனிதர்களைக் கொன்றன.

விடுதலைக்குப் பின் தொட்டிக்குத் தர அளவுகள் வகுக்கப்பட்டன. 1985-இல் திருத்தப்பட்ட இந்தியத் தரவிதி 2470, தொட்டி நீரை மண்ணில் உறிஞ்சவிடும் அமைப்பு குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. நீருக்கு அளிக்கப்பட்ட இந்தப் பாதுகாப்புக்கு ஈடாக, தொட்டிக்குள் இறங்கும் மனிதருக்கு எதுவும் நெடுங்காலம் வகுக்கப்படவில்லை.

1993-ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பறை கட்டுவதையும், மலம் அள்ள ஆளமர்த்துவதையும் தடைசெய்தது. ஆனால் அது மனித மாண்பின் சட்டமாக அன்றி, பெரிதும் சுகாதாரச் சட்டமாகவே எழுதப்பட்டது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், கோரிய மாநிலங்களுக்காகவே முதலில் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்ததோ 1997-இல். உலர் கழிப்பறைகள் குறையக் குறைய நீரடைப்புக் கழிப்பறைகளும் தொட்டிகளும் பெருகின. கூடையைச் சுமந்த சாதிகளின் தோள்களிலேயே தொட்டியின் சுமையும் ஏறியது. ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகும்போது மூக்கின் மணமறியும் ஆற்றலை மழுங்கடித்துவிடும். ஆகவே ஆபத்தை உணருமுன்னரே இறங்கியவர் மயங்குவார். மீட்க இறங்கியவரும் மடிவார்.

2013-ஆம் ஆண்டுச் சட்டமே தொட்டியைப் பெயர் சொல்லிக் குறித்தது. தொட்டியை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளமர்த்தினால், முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எனினும் ‘ஆபத்தான’ என்னும் சொல்லின் வரையறை, பாதுகாப்புக் கருவிகள் வழங்கப்படாத நிலையையே சுட்டுகிறது. கருவியுடன் இறங்குவது முற்றாக விலக்கப்படவில்லை. 1993 முதல் நிகழ்ந்த ஒவ்வொரு மரணத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு மரணத்துக்குப் பின் வருவது. தடுப்பு அதற்கு முன் வர வேண்டியது.

மாற்று வழி அறியப்படாததன்று. பிந்தேஷ்வர் பாடக் 1970-இல் பீகாரில் தொடங்கிய சுலப் இயக்கம் இரட்டைக் குழிக் கழிப்பறையைப் பரப்பியது. ஒரு குழி நிறைந்ததும் மற்றொன்றுக்கு மாற்றிவிட்டால், மூடிய குழியின் மலம் ஓரிரு ஆண்டுகளில் எருவாகும். அதை வீட்டாரே அள்ளலாம். ஆயினும் ஊர்ப்புறத்தில் பலர் பெருந்தொட்டியையே நாடினர். நெடுநாள் நிறையாத தொட்டி, குழியைத் தொடும் நாளைத் தள்ளிப்போடுகிறது. அந்த விருப்பத்தில் பொறியியலைவிடத் தீட்டு என்னும் எண்ணமே மிகுதி.

2017-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, கசடு அகற்றலையும் சுத்திகரிப்பையும் நகர நிர்வாகத்தின் கடமையாக்கியது. அக்கடமை சிற்றூரின் அனுமதித் தாளுக்கும் வந்து சேர வேண்டும். கசடு உறிஞ்சும் வண்டி வந்து நிற்க வழியுண்டா, கசடு எங்கே கொண்டுசெல்லப்படும் என்ற இரு வினாக்களுக்கு விடை கிடைக்காமல் ஒரு தொட்டிக்கு அனுமதி வழங்குவது, அதனுள் என்றோ இறங்கப்போகும் ஒருவரின் உயிரைப் பணயம் வைத்து வழங்கும் அனுமதியே.