மடிக்கணினி வெப்பமும் விசிறி ஒலியும் (வெளித்திரை இணைப்பில்)

மடிக்கணினியுடன் வெளி மானிட்டர் ஒன்றை இணைத்ததும் அதன் உடல் சூடேறி, விசிறி உரக்க ஓடத் தொடங்கும் நிலை. கனமான வேலை எதுவும் ஓடாமல், வெறும் கணக்குத் தாள் திறந்திருக்கும்போதும் இது நேர்வதுண்டு. பழி பெரும்பாலும் மானிட்டர்மீது விழுகிறது. ஆனால் மானிட்டர் பொதுவாகத் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் சொந்த வயர் வழியே எடுத்துக்கொள்கிறது. வெப்பம் பிறப்பது மடிக்கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் சில்லிலும் அதன் நினைவகத்திலும்தான்.

வரலாறு

முதல் மடிக்கணினிகளில் ஒன்றான கிரிட் காம்பஸ் (1982) விசிறி இல்லாமலே வந்தது. பில் மோக்ரிட்ஜ் வடிவமைத்த அதன் மக்னீசியக் கலப்புலோக உடலே வெப்பத்தை வெளியேற்றும் தகடாகவும் பயன்பட்டது. நாசா அதை விண்வெளி ஓடத்தில் ஏற்றியபோது விசிறி பொருத்த வேண்டியதாயிற்று. எடையற்ற நிலையில் சூடான காற்று தானாக மேலெழுவதில்லை.

வெளித்திரைச் சிக்கலுக்கு மிகவும் பொருத்தமான முன்னோடி, ஆப்பிள் 1992இல் வெளியிட்ட பவர்புக் டுவோ. மூடிய கணினியை வீடியோ கேசட்டைப் போல உள்ளே இழுத்துக்கொள்ளும் டுவோ டாக் என்ற பெட்டி அதற்கு உண்டு. வெளித்திரைக்கான வீடியோ நினைவகம் அந்தப் பெட்டிக்குள் இருந்ததால் திரையின் சுமை மடிக்கணினிமேல் ஏறவில்லை. இத்தனை தெளிவான ஏற்பாட்டைப் பின்வந்தவர்கள் கைவிட்டது வருந்தத்தக்கது.

1990களில் பென்டியம் சில்லுகள் மடிக்கணினிக்குள் வந்தபோது விசிறியும் வெப்பக்குழாயும் உடன் வந்தன. உள்ளிருக்கும் திரவம் ஒரு முனையில் ஆவியாகி மறுமுனையில் குளிர்ந்து திரும்பும் செப்புக் குழாய் இது. 1963இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செயல்படுத்திக் காட்டினார். ஒலியைக் குறைக்கும் முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது, 2012ஆம் ஆண்டின் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் வந்த சமச்சீரற்ற விசிறி. இறக்கைகள் சம இடைவெளியில் இருந்தால் ஓசை ஒரே சுருதியில் குவியும். நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும் 30 இறக்கை விசிறி 2,500 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். மனிதச் செவி கூர்மையாகக் கேட்கும் இடம் அது. இடைவெளியை மாற்றி வைத்தால் அந்த ஒற்றைச் சுருதி பல துண்டாகச் சிதறிக் காதை உறுத்தாது.

2010இல் என்விடியா ஆப்டிமஸ் முறையை அறிமுகப்படுத்தியது. சிறிய வேலைகளைச் செயலியோடு சேர்ந்த கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ள, தனி கிராபிக்ஸ் சில்லு தேவைப்படும்போது மட்டும் விழிக்கும். அதே ஆண்டு ஆப்பிளும் தன் வழியில் இதைச் செய்தது. ஆனால் மேக்புக் ப்ரோவிலும் வேறு பல மாடல்களிலும் வெளித்திரைத் துளையைத் தனிச் சில்லுடனேயே இணைத்திருந்தார்கள். வயர் செருகியதும் அது விழித்தே ஆகவேண்டும். பயனர்கள் முறையிடும் வெப்பத்துக்கு இந்த இணைப்பு முறையும் ஒரு காரணம்.

இதற்குப் பெயர்போன சான்று 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோ. அதன் ரேடியான் ப்ரோ 5300எம், 5500எம் சில்லுகள், வெளித்திரை இணைந்திருந்தால் சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 18 முதல் 20 வாட் இழுத்தன.

காரணம்

திரை பெரும்பாலும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் சிறு இடைவெளியில்தான் கிராபிக்ஸ் நினைவகம் தன் வேகத்தைக் குறைக்கவோ கூட்டவோ முடியும். இல்லையேல் படம் சிமிட்டும். இரண்டு திரைகளின் இடைவெளிகள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது மென்பொருள் நினைவகத்தை உச்ச வேகத்திலேயே நிறுத்திவிடுகிறது. வாட் கூடுகிறது, விசிறி ஓடுகிறது. விசிறியின் வேகம் இரட்டித்தால் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் உயரும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு.

டிஸ்ப்ளேலிங்க் வகை யுஎஸ்பி டாக்குகளில் கதை வேறு. அங்கே படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையைச் செயலி செய்வதால் சூடும் செயலியில் ஏறுகிறது.

திருச்சியில்

மடிக்கணினிகள் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்துக்கே பரிந்துரைக்கப்படுவது வழக்கம். திருச்சியில் கோடைப் பகல் எளிதாக அதைத் தாண்டும். கத்திரி வெயிலில் 40ஐத் தொடுவதும் புதிதல்ல. உள்ளே இழுக்கும் காற்றே சூடாக இருந்தால் விசிறி எவ்வளவு சுழன்றும் சில்லு ஓரளவுக்குமேல் குளிராது. காந்தி மார்க்கெட் போன்ற மொத்த வியாபார இடங்களில் தூசியும் சேர்கிறது. லாரிகள் சரக்கு இறக்கும் மண்டிக்குள், தகரக் கூரைக்குக் கீழே, கணக்குப்பிள்ளையின் லேப்டாப் பெரிய மானிட்டரோடு வேலை செய்யும்போது, சாக்கு நாரும் வெங்காயச் சருகும் விசிறிக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையே மெத்தையாகப் படிகின்றன. கம்ப்யூட்டர் கடையில் தெர்மல் பேஸ்ட் மாற்றுவதைவிட அந்த மெத்தையை அகற்றுவதே அதிகப் பலன் தரும். பிளோயரால் ஊதும்போது இறக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்; தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெடும். ஸ்ரீரங்கத்து வீடுகளில் தூசி குறைவாக இருக்கலாம், வெயில் ஒன்றுதான்.

தணிக்கும் வழிகள்

இரு திரைகளையும் ஒரே புதுப்பிப்பு வேகத்தில் வைப்பது, எச்டிஎம்ஐ துளைக்குப் பதிலாக உள் கிராபிக்ஸுடன் இணைந்த யுஎஸ்பி-சி துளை இருந்தால் அதைப் பயன்படுத்துவது, லேப்டாப்பின் பின்புறத்தைச் சற்று உயர்த்துவது ஆகியவை உதவும். மூடியை மூடி வெளித்திரையை மட்டும் வைத்துக்கொண்டால் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் வாட் கணிசமாகக் குறைந்தது. விசைப்பலகை வழியாகக் காற்றை இழுக்கும் மாடல்களில் இது எதிர்விளைவு தரும்.

இன்றைய நிலை

2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏர் விசிறியே இல்லாமல் ஒரு வெளித்திரையை இயக்குகிறது. ஏனைய நிறுவனங்களின் புதிய மாடல்களிலும் நிலைமை மேம்பட்டுவருகிறது.